தாசிங் வீட்டுக் கடல்

மக்தான் தீவில், கால்வாய்க் கரையை ஒட்டி இருக்கும் தாசிங்கின் வீட்டுக்குள் நுழைகிற யாரும் முதலில் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நகர வேண்டும். கூடத்தில் முக்கால்வாசியை ஒரு மீன்தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. வளர்ந்த ஆள் ஒருவர் கை கால் நீட்டி உள்ளே படுக்கலாம், அத்தனை நீளம். மிச்சமுள்ள இடத்தில் ஒரு பெஞ்சு, ஒரு தொலைக்காட்சி, ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறிக்குப் பின்னால் தாசிங்கின் கணவன் தேபன் உட்கார்ந்திருப்பான்.

"வீடு மீனோடது. நான் குடிக்கூலிக்கு இருக்கேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்வான். குறைப்படுகிற குரலா அது? பெருமை தாங்காமல் வழியும். மனிதர்களில் சிலருக்குப் பெருமையை நேராகச் சொல்லத் தெரியாது, தேபன் அதில் ஒருவன்.

தாசிங் பிறந்தது கால்வாய்க்கு அக்கரையில் உள்ள செபு மலைமேல், சோளக் கொல்லைகளுக்கு நடுவில். சிறுமியாக இருந்தபோது கடல் என்பது அவளுக்கு மலையுச்சியிலிருந்து தெரிகிற ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான். பிழைப்புக்காகத் தீவுக்கு இறங்கி வந்தவள், வண்ண மீன்களை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கொட்டகையில் பொட்டலம் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். பையில் தண்ணீர், தண்ணீரில் மீன், மேலே ஆக்ஸிஜன், கழுத்தை முறுக்கி ரப்பர் வளையம். பையின் இரண்டு கீழ்மூலைகளையும் முறுக்கிக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீன் மூலையில் போய்ச் சிக்கிக்கொண்டு செத்துவிடும். நாளடைவில் அவள் கை இதைத் தானாகவே செய்தது, வாய் பக்கத்தில் இருப்பவளோடு ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும்.

இத்தனை வருடம் மீனோடு கிடந்தவளுக்கு நீச்சல் மட்டும் வரவேயில்லை. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் போதும், குழந்தை ஏசுவை, சாந்தோ நீனோவைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். அதனால் மீனை அவள் பார்த்ததெல்லாம் பையில்தான். எந்த மீன் எப்படித் தூங்கும், எதைத் தின்னும், எதோடு சண்டை போடும் என்று எதுவும் தெரியாது. உலகத்தில் பாதிப் பேர் வீட்டுக்கு மீன் அனுப்பியவள் ஒரு மீன் திரும்பி நீந்துவதை நிதானமாகப் பார்த்ததில்லை.

தேபன் அப்போது அந்தக் கொட்டகைக்கு மீன் பிடித்துக் கொடுப்பவன். வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, படகில் உறுமுகிற கம்ப்ரசர் தள்ளும் காற்றை இழுத்தபடி பவளப் பாறைகளுக்கு நடுவே இறங்கிவிடுவான். அவன் கொண்டுவந்த மீன்களில் தாசிங்குக்கு மிகவும் பிடித்தது மாண்டரின். விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாக, ஒரு பிள்ளை கையில் கிடைத்த சாயத்தையெல்லாம் அதன்மேல் கிறுக்கிவிட்டது போல இருக்கும். ஆண் மீன் இரண்டை ஒன்றாக வைத்தால் ஒன்றையொன்று கிழித்துவிடும் என்பதால் எந்த மாண்டரினையும் தனிப் பையில்தான் கட்ட வேண்டும். அது அவள் வேலை.

ஒருநாள் தேபன் மேசைமேல் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"இந்த மீனு பொழுது சாயும்போது என்ன பண்ணும் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? பையில ஏது பொழுது?"

"ஜோடி சேரும். கன்னத்தோட கன்னம் வச்சிக்கிட்டு ரெண்டும் அப்படியே மேல ஏறும். மெதுவா, அவசரமே படாது."

"மேல ஏறி?"

தேபன் காதைச் சொறிந்தான். "நீ என்னக் கட்டிக்கிட்டா மீதியச் சொல்றேன்" என்றான்.

கட்டிக்கொண்டாள். மீதியை அவன் சொல்லவேயில்லை. எப்போது கேட்டாலும் பேச்சை மாற்றுவான். பிறகு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகி வேறு ஊர் போனாள். நடுவில் ஒருநாள் ஆழத்தில் தேபனின் இடது காதுச் சவ்வு வெடித்தது, இனி தலை நனைய இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பின் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கத் தொடங்கினான். தாசிங் அவனுடைய வலது பக்கமாகவே உட்கார்ந்து பேசப் பழகிக்கொண்டாள். சண்டை வந்தால் மட்டும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து நிற்பாள்.

"பொண்ணு கேக்க வந்தப்பவே புளுகினவன்தானே நீ. மீனாவது, மேல ஏறுறதாவது!"

"சத்தியமாப் பாத்திருக்கேன் இந்தாய்." மனைவியைச் செல்லமாக அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"பாத்தவன் மீதியச் சொல்லு."

அதோடு அவன் ரிக்‌ஷாவை எடுத்துக்கொண்டு போய்விடுவான். தாசிங்குக்கு அது விளையாட்டுக் கோபம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில் அது விளையாட்டாக இல்லை. சாவதற்குள் ஒருதரம் அதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை அவளுக்கு இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தாள்.

கொட்டகை ஒருநாள் மூடப்பட்டது. முதலாளியம்மா மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, கொட்டகையில் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒருத்தி குளிர்பெட்டியைக் கேட்டாள், ஒருத்தன் தராசைக் கேட்டான். தாசிங் பழைய காற்று மோட்டாரையும், பிளாஸ்டிக் குழாய்களையும், பின்கட்டுத் தொட்டியில் வருடக்கணக்காக ஊறிக்கிடந்த பாறைகளையும், விற்காமல் மிஞ்சியிருந்த ஒரு மாண்டரின் ஜோடியையும் கேட்டாள்.

"இந்தக் கல்லையா? எல்லாம் பாசி புடிச்சதாச்சே, தாசிங். நாற்காலி எதுனா எடுத்துக்கோயேன்."

"ஒக்காரதுக்கு வீட்டுல தரை இருக்கும்மா."

முதலாளியம்மா சிரித்து, மீனைப் பின்கட்டுத் தொட்டியிலேயே விட்டுவைக்கவும், வீட்டில் தொட்டி தயாரானதும் வந்து எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தார்.

முதலில் தாசிங் நினைத்தது சின்னத் தொட்டிதான். ஜன்னலோரம் வைத்துவிடலாம் என்று இருந்தாள். அதைப் பெரிதாக்கியது கார்பியோ. கார்பியோ படகு கட்டுகிறவர், தாசிங்கின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் தாசிங் அவருக்கு மாரே, அவர் இவர்கள் இருவருக்கும் பாரே. கடலோர விடுதி ஒன்றில் படகு பழுதுபார்க்கப் போன இடத்தில், பழைய கண்ணாடிக் கதவுகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்ததைப் பார்த்திருக்கிறார். ஒன்றைக் கேட்டு வாங்கி, படகில் குறுக்கே போட்டுக் கொண்டுவந்துவிட்டார். தடித்த கண்ணாடி. ஓரத்தில் கைப்பிடிக்கு இரண்டு துளை. நடுவில் யாரும் முட்டிக்கொள்ளாமல் இருக்க வெள்ளையாக, குறுக்கே சாய்ந்து வளர்ந்த ஒரு தென்னைமரம் பொறித்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. பாதியா அறுத்துக்கலாம்" என்றாள் தாசிங்.

"இது சூடு காட்டின கண்ணாடி மாரே. அறுத்தா மொத்தமும் கல்கண்டாக் கொட்டிப் போயிரும். முழுசாத்தான் வைக்கணும்."

"முழுசாவா? இது கூடம் நீளம் இருக்கே!"

"அப்ப கூடம் நீளத்துக்குத் தொட்டி."

மாண்டரின் மேலே ஏறுவதற்கு உயரம் வேண்டும், அது மேய்வதற்கு இடம் வேண்டும் என்று தேபன் ஒத்து ஊதினான். சோபா வெளியே போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி அதை அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கண்ணாடியைப் படுக்கப் போட்டு, கைப்பிடித் துளைகள் மேல்விளிம்பில் வரும்படி நிறுத்தினார்கள், தண்ணீர் துளைக்குக் கீழேயே நிற்கும், குறுக்கே சாய்ந்திருந்த தென்னைமரமும் நேராக நிமிர்ந்துகொண்டது. மற்ற மூன்று பக்கமும் அடியும் ப்ளைவுட். தென்னங்கட்டையால் சட்டம். கண்ணாடிக் கதவு வீட்டு வாசலில் நுழையாது என்பதால் சுவரில் ஜன்னலைப் பெயர்த்துத்தான் அதை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். பெயர்த்த ஜன்னலைத் திரும்ப வைக்கும்போது இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. கார்பியோவுக்குக் கட்டத் தெரியும், அளவாகக் கட்டத் தெரியாது.

ஃபைபர் துணியும் ரெசினும் அவர் பட்டறையில் மிஞ்சியவை. முதல்நாள் வாளியும் தூரிகையுமாக வந்தவர், தொட்டியின் வெளிப்பக்கத்தில் விறுவிறுவென்று பூச ஆரம்பித்தார். தேபன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாரே, கடல் எந்தப் பக்கம்?"

கார்பியோ தூரிகையைத் தூக்கிய கையோடு நின்றார். வெளியே பார்த்தார், உள்ளே பார்த்தார்.

"பொறந்ததுலேர்ந்து தண்ணி உள்ள வராம இருக்கத்தான் பூசியிருக்கேன்" என்றார் முணுமுணுப்பாக. "இது வெளிய போகாம இருக்கணும்கிறாங்க. புத்தி சுத்துதுடா."

மறுபடி உள்பக்கம் முதலிலிருந்து பூசினார். வெளியே பூசியதை அழிக்க மனசில்லாமல் அப்படியே விட்டார். வீடு முழுக்க ரெசின் நெடி அடித்துப் பத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

தொட்டி காய்ந்ததும் கார்பியோ ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். புதுப் படகை இறக்கினால் சேவல் ரத்தத்தைத் தடவாமல் அவர் இறக்கியதே கிடையாது.

"ரத்தம் வேணாம் பாரே. தண்ணி கெட்டுரும். இது பையில கட்டுற மீனு, ஒரு சொட்டு கெட்ட தண்ணின்னாலும் தாங்காது" என்றாள் தாசிங்.

"வெளிப்பக்கமாத் தடவுறேன்."

"எந்தப் பக்கமும் வேணாம்."

கார்பியோ சேவலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அவர் மனம் ஒப்பவில்லை. சடங்கில்லாமல் தண்ணீர் ஏற்றிய எதுவும் உருப்படாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. ரத்தம் இல்லையென்றால் காசாவது வேண்டும். படகில் பாய்மரம் நடுகிற குழியில் செப்புக் காசு வைத்துவிடுவார்கள், வைத்ததை யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. தொட்டியில் பாய்மரம் ஏது? மணலைக் கொட்டிப் பாறைகளை அடுக்கும்போது, நடுப்பாறைக்கு அடியில் ஒரு பிடி காசைத் தள்ளி மணலால் மூடிவிட்டார். நடுவில் ஓட்டை போட்ட பழைய ஐந்து சென்டாவோ காசுகள், செம்பு முலாம் பூசியவை. தாசிங்குக்கு நல்லது செய்துவிட்டோம் என்கிற நிம்மதியோடு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

தண்ணீருக்குச் செலவில்லை, கடல் வாசலில் இருக்கிறது. ஆனால் கால்வாய்த் தண்ணீரில் ஊர் அழுக்கெல்லாம் கலந்திருக்கும். அதனால் கார்பியோவின் படகில் நீல டிரம்களோடு வெளிக்கடலுக்குப் போய், கடல் ஏற்றம் நிரம்பிய நேரத்தில் மொண்டுவந்தார்கள். கரையிலிருந்து வீடு வரைக்கும் தெருவே வரிசையில் நின்று வாளி மாற்றியது. கூலி, தாசிங் வாசலில் சுட்ட பன்றி இறைச்சியும், ஓலைக்கூட்டில் வெந்த புசோ சோறும்.

"மலையிலேர்ந்து வந்தவளுக்குக் கடலு வேணுமாம், கொண்டாங்கடா!" என்று ஒருவன் கத்தினான்.

"நாளைக்கு மலை வேணும்பா. கல்லு தூக்க வந்துருங்க" என்றாள் தாசிங். வரிசை முழுக்கச் சிரித்தது.

தொட்டி ஒழுகவில்லை. மோட்டார் ஓடியது, தண்ணீர் தெளிந்தது. சில நாள் கழித்து தாசிங் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தபோது, வெள்ளையாகப் பொடிப் பொடியாக எதுவோ கண்ணாடிமேல் ஓடிக்கொண்டிருந்தது. பாறைகளிலிருந்து வந்த பூச்சிகள், கடுகில் நாலில் ஒன்றுகூட இருக்காது. மாண்டரின் நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டிருப்பது இதற்குத்தான் என்று தேபன் சொன்னான். தாசிங் அவற்றுக்குப் பொடிசுகள் என்று பெயர் வைத்தாள். ஒரு பாறையைத் தனியாக நீல டிரம்மில் போட்டு, அதிலும் பொடிசுகளை வளர்த்தாள். கொட்டகையில் எதையும் ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் பழகியவள் அவள்.

ஒருநாள் மீன் ஜோடியைக் கொண்டுவந்து விட்டாள். ஆயிரமாயிரம் மீனைப் பையில் போட்ட கை, முதல் தடவையாகப் பையிலிருந்து வெளியே விட்டது. இரண்டும் வெவ்வேறு பையிலிருந்து இறங்கி, தென்னைமரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. தாசிங் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. முதலில் பாறைகளோடு வந்த நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று மணலில் விழுந்தன. பிறகு பாறையிடுக்கில் இருந்த இறால்கள் செத்தன. கடைசியில் கண்ணாடி சுத்தமாகிவிட்டது, ஒரு பொடிசுகூட இல்லை. மாண்டரின்கள் மட்டும் உயிரோடு இருந்தன, ஆனால் கொத்துவதற்கு ஒன்றுமில்லாமல் வெறும் பாறையைக் கொத்திக்கொண்டிருந்தன. வயிறு உள்வாங்கிப்போயிற்று. பெண் மீனின் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது.

பாதித் தண்ணீரை மாற்றினாள். தெரு மறுபடி வாளி தூக்கியது. பலனில்லை. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பாதிரியாரைக் கூப்பிட்டு மந்திரித்த தண்ணீர் தெளிக்கச் சொன்னாள் ஒருத்தி. ரெசின் நெடி போகவில்லை என்றான் ஒருவன். கார்பியோ மட்டும் தினமும் வந்து தொட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார். போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். அது ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் தாசிங் பெண் மீனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கொட்டகையில் நோய் வந்த மீனுக்கு ஒரு தனித் தொட்டி உண்டு, அதில் மயில்துத்தம் கரைத்திருப்பார்கள். மீனுக்கு அது மருந்து, இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். தவறி ஒரு நத்தை அதில் விழுந்தால் இப்படித்தான் பிடி நழுவிக் கீழே கிடக்கும். மயில்துத்தம் என்றால் செம்பு. இங்கே செம்பு எங்கிருந்து வந்தது? மோட்டாரைக் கழற்றிப் பார்த்தாள், குழாய்களைப் பார்த்தாள், எதிலும் செம்பு இல்லை.

அந்த நேரத்தில் கார்பியோ வந்தார். தாசிங் தொட்டியின் மறைவில், மோட்டார் பக்கம் குனிந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. சட்டைக் கையை மடித்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. கையைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு பிடி காசை நடுப்பாறைக்கு அடியில் தள்ளினார்.

தாசிங் எழுந்து நின்றாள்.

"பாரே."

கார்பியோவின் கை தோள்வரை தண்ணீரில் இருந்தது. அப்படியே நின்றார்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல மாரே. சொல்லக் கூடாது."

"கைய வெளிய எடு. வெறுங்கையோட வராத."

மணலோடு அள்ளியெடுத்த கையில் காசுகள் பச்சை பிடித்துக் கிடந்தன. தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தன. முதலில் வைத்தது ஒரு பிடிதான், நத்தை விழுந்ததும் அதிர்ஷ்டம் போதவில்லை என்று இன்னொரு பிடி, இறால் செத்ததும் மேலும் ஒரு பிடி. நிலைமை மோசமாக மோசமாக அவர் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்.

"நீதான் கொன்னியா?" என்றாள் தாசிங். "நத்தையக் கொன்ன, இறாலக் கொன்ன, என் மீனு பட்டினி கெடக்கு! கண்ணு முன்னால ஒரு காரியம் பாக்கணும்னு நான் எத்தன வருசமா..."

முகத்தைப் பாவாடையில் புதைத்துக்கொண்டாள். கார்பியோவுக்கு வாய் கோணிக்கொண்டு போயிற்று. அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

"நல்லதுக்குத்தான் மாரே வச்சேன். நீ ரத்தம் வேணாம்னுட்ட. சும்மா தண்ணி ஏத்துனா எனக்குப் பயமா இருக்காதா? என் கையால கட்டினதாச்சே!"

சத்தம் கேட்டு வந்த தேபன் காசையும் பார்த்தான், இருவரையும் பார்த்தான். விஷயம் புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எல்லாத்தையும் எடுத்துரு பாரே" என்றான்.

"அதெப்படி? படகுலேர்ந்து காச எடுத்தா படகு முழுகிரும்."

"இது முழுகித்தானே கெடக்கு. உள்ள பூரா தண்ணி."

தாசிங் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். கார்பியோவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காசையெல்லாம் எடுத்துத் தொட்டியின் காலடியில், வெளியே, தரையில் குழி பறித்துப் போட்டு சிமெண்ட் பூசிவிடுவது. அதிர்ஷ்டம் கீழேயிருந்து மேலே ஏறட்டும் என்று கார்பியோ சமாதானமடைந்தார்.

மீன் ஜோடியை தாசிங் நீல டிரம்முக்கு மாற்றினாள். ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் பழகிய புத்தி அன்றைக்குத்தான் கைகொடுத்தது. அந்தத் தனிப் பாறையில் பொடிசுகள் மொய்த்துக் கிடந்தன, செப்புக் காசு அதன் பக்கம் போகவில்லை. பெண் மீன் முதலில் அசையாமல் அடியில் கிடந்தது. பிறகு மெதுவாகத் தலையைச் சாய்த்து ஒரு கொத்துக் கொத்தியது. தாசிங் பெருமூச்சு விட்டு டிரம்மின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

பெரிய தொட்டியைக் காலிசெய்து தேய்த்தார்கள். பழைய மணலை வெளியே கொட்டினார்கள். பாறைகளைச் சாக்கில் கட்டிக் கடலில் ஊறப்போட்டார்கள். மறுபடி தண்ணீர் ஏற்றியபோது தெரு முணுமுணுத்தது, ஆனால் வந்தது. இந்தத் தடவை வரிசையில் முதலாவதாக நின்று, அதிகமாகச் சுமந்து, கடைசிவரை பன்றி இறைச்சியைத் தொடாமல் போனவர் கார்பியோ. தாசிங் ஒரு தட்டில் எடுத்து மூடி அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. கண்ணாடியில் மறுபடி பொடிசுகள் ஓடின, டிரம்மிலிருந்து ஜோடி வீடு திரும்பியது. இப்போது இரண்டுக்கும் வயிறு உருண்டிருந்தது. ஊருக்குள் பேச்சுப் பரவி, சாயங்காலமானால் கூட்டம் கூடியது. தேபன் தொட்டிக்குமேல் பெரிய டியூப்லைட் ஒன்றை மாட்டி, பொழுது சாய்கிறதற்கு முன்பே அதைப் போட்டுவிடுவான். ரிக்‌ஷாவில் ஏறுகிறவர்களை எல்லாம் வழியில் நிறுத்தி, வீட்டைக் காட்டிவிட்டுத்தான் இறக்கிவிடுவான். எல்லோரும் வந்தார்கள், பார்த்தார்கள், தென்னைமரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். தாசிங்கும் தினமும் உட்கார்ந்து பார்த்தாள். மீன்கள் தின்றன, ஒளிந்தன, தூங்கின. மேலே ஏறவில்லை.

"எங்க ஏறுது உன் மீனு?" என்று கேட்பாள்.

"இது வீட்டு மீனு. மறந்துருச்சோ என்னமோ."

"மீனு மறக்கல. நீதான் புளுகுற."

இப்போது அவள் குரலில் விளையாட்டு குறைந்திருந்தது. அவனுக்கும் அது கேட்டது. இத்தனை பாடுபட்டுக் கட்டியதெல்லாம் ஒரு புளுகுக்காகத்தானோ என்று அவளுக்குச் சந்தேகம் தட்ட ஆரம்பித்திருந்தது. அந்தச் சந்தேகம் அவனையும் சுட்டது.

ஒரு சாயங்காலம் மின்சாரம் போயிற்று. தெருவே ஒரு குரலில் சலித்துக்கொண்டது. டியூப்லைட்டும் தொலைக்காட்சியும் அணைந்ததும், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கலைந்து போனார்கள். காற்று மோட்டார் நின்றுவிட்டது. மோட்டார் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும், அதனால் இப்படிப்பட்ட வேளையில் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவது தாசிங்கின் வழக்கம். குவளையை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். டியூப்லைட் இல்லாத கூடத்தில், கார்பியோ அளவு தெரியாமல் வைத்த பெரிய ஜன்னல் வழியாக, அந்தி வெளிச்சம் மட்டும் தண்ணீரில் விழுந்து மெல்ல மெல்ல மங்கிக்கொண்டிருந்தது.

"இந்தாய்" என்றான் தேபன். "ஊத்தாத."

"மூச்சு முட்டுமே."

"கொஞ்ச நேரம். அசையாத."

ஆண் மீன் பாறையின்மேல் வந்து நின்றிருந்தது. முதுகுத் துடுப்பை நிமிர்த்தியிருந்தது. பெண் மீன் இடுக்கிலிருந்து வெளியே வந்து அதன் பக்கத்தில் ஒண்டியது. கன்னத்தோடு கன்னம். ஆண் மீனின் விரித்த துடுப்புமேல் பெண் மீன் சாய்ந்துகொண்டது. பிறகு இரண்டும் பாறையை விட்டு எழும்பின.

தாசிங் குவளையைப் பிடித்தபடி ஸ்டூலில் உறைந்து நின்றாள். அவன் சொன்னது மாதிரியேதான் இருந்தது. அவசரமே இல்லை. தென்னைமரத்தின் வேரைத் தாண்டின, தண்டைத் தாண்டின. ஒருவேளை திரும்பிவிடுமோ என்று அவள் பயந்தாள். திரும்பவில்லை. தொட்டியின் பாதி உயரத்தைத் தாண்டி, மரத்தின் ஓலைகளையும் தாண்டி, தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்துவிட்டன. அங்கே ஒரு கணம் இரண்டும் நடுங்கின. சட்டென்று வெள்ளையாக ஒரு சின்ன மேகம் அவற்றின் நடுவே விரிந்தது. முட்டைகள். மீன்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாகக் கீழே பாய்ந்து மறைந்தன. மேகம் மட்டும் மெதுவாகக் கலைந்து, தாசிங்கின் முகத்துக்கு நேரே தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

தாசிங்குக்குக் கன்னம் நனைந்துவிட்டது. ஸ்டூலிலிருந்து இறங்கி, அவனுடைய வலது காதுப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"புளுகலடா நீ" என்றாள். "நெஜமாவே ஏறுது."

தேபன் அந்த வெள்ளை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"என்ன?"

"இத நான் பாத்ததில்ல, இந்தாய்."

"பாத்திருக்கேன்னு சத்தியம் பண்ணுவியே?"

"ஏறுறதப் பாத்திருக்கேன். எத்தனையோ தரம். ஏறும்போது அதுக்கு வேற நெனப்பே இருக்காது, புடிக்க ரொம்பச் சுலபம்." அவன் குரல் தாழ்ந்தது. "பாதி தூரம் வந்ததும் வலைய வச்சிருவேன். மீதி என்னன்னு எனக்கே தெரியாது. அதான் ஒனக்குச் சொல்ல முடியல."

தாசிங் அவனைப் பார்த்தாள். அவன் பாதியில் பிடித்ததையெல்லாம் தான்தான் தனித்தனிப் பையில் போட்டுக் கட்டினோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவனுக்கும் அதே நினைப்பு ஓடுவது அவன் முகத்தில் தெரிந்தது. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே தெரு திடீரென்று ஆர்ப்பரித்தது. மின்சாரம் வந்துவிட்டது. மோட்டார் கடகடவென்று ஓடத் தொடங்கியது, டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. தேபன் எழுந்துபோய் விளக்கை மட்டும் அணைத்தான்.

"நாளைக்கும் போடாத" என்றாள் தாசிங்.